மனக்காயம் எப்படி ஆறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு வருடங்களுக்கு முன்னால், நாங்கள் போய்க்கொண்டிருந்த காரின் பக்கவாட்டில் ஒரு லாரி மோதியது. எனக்குத் தோளில் சிராய்ப்பு மட்டும்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி பிழைக்கவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "நல்லவேளை, உனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றார்கள். ஆகியிருந்தது. அது என்னவென்று எனக்கே புரிய ஒன்றரை வருடம் பிடித்தது.

நான் மருத்துவர் இல்லை. சிகிச்சை எடுத்துத் தேறியவள். இப்போது என்னைப் போல் அடிபட்டவர்கள் கூடிப் பேசும் ஒரு சிறு குழுவில் உதவியாக இருக்கிறேன். அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, படித்ததையும் பட்டதையும் வைத்து எழுதிய பதில்கள் இவை. உங்களுக்கு எந்தச் சிகிச்சை, எந்த மருந்து என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மனக்காயம் என்று எதைச் சொல்கிறோம்? எல்லாக் கஷ்டமும் மனக்காயமா?

இல்லை. வேலை போவதும் காதல் முறிவதும் வலிக்கத்தான் செய்யும், அந்த வலி பொய்யில்லை. ஆனால் மருத்துவத்தில் இந்தச் சொல்லுக்கு எல்லை குறுகியது. உயிருக்கு ஆபத்து, பலத்த காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றில் சிக்கியவர்களுக்கும், கண்ணெதிரே பார்த்தவர்களுக்கும், நெருங்கியவருக்கு நடந்த கோரத்தைக் கேட்டு அறிந்தவர்களுக்கும் வருவது இது. தினமும் இவற்றின் நடுவிலேயே வேலை செய்யும் ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர் போன்றவர்களுக்கும் வரலாம்.

இதற்குப் பெயர் கிடைத்ததே ஒரு நீண்ட கதை. முதல் உலகப் போரில் சிப்பாய்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். சார்லஸ் மயர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் இதைப் பற்றி எழுதும்போது 'ஷெல் ஷாக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். குண்டு வெடித்த அதிர்வில் மூளை குலுங்கியதால் வருவது என்று அப்போது நினைத்தார்கள். கோழைத்தனம் என்று நினைத்தவர்களும் நிறைய. அந்தப் போரில் கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 வீரர்களுக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கினார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்த நோயோடு துப்பாக்கி முன்னால் நின்றார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்க் கையேட்டில் இதைப் பி.டி.எஸ்.டி. என்று பெயரிட்டுச் சேர்த்தது 1980-இல். தமிழில் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு' என்கிறார்கள். நீளமாக இருப்பதால் இங்கே பி.டி.எஸ்.டி. என்றே எழுதுகிறேன்.

பயங்கரத்தைப் பார்த்த எல்லோருக்கும் இந்த நோய் வருமா?

வராது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலக மக்களில் சுமார் 70% பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது இப்படி ஒரு சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது 5.6% பேருக்கு. பாலியல் வன்முறைக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இந்த விகிதம் கூடுகிறது. வந்தவர்களிலும் 40% வரை ஒரு வருடத்துக்குள் தேறிவிடுகிறார்கள்.

இந்த எண்களைக் கேட்டு சிலர் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். "அப்படியென்றால் நான்தான் பலவீனமா?" என்று கேட்கிறார்கள். இல்லை. என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது, அதற்குப் பிறகு பக்கத்தில் யார் இருந்தார்கள், வேறென்ன நெருக்கடிகள் சேர்ந்துகொண்டன என்பவை எல்லாம் சேர்ந்துதான் இதை முடிவு செய்கின்றன. மனவலிமைக்கு வைத்த பரீட்சை இல்லை இது.

நடந்து எத்தனையோ நாளாகிவிட்டது. ஒரு சத்தம் கேட்டால் ஏன் இன்னும் உடம்பு நடுங்குகிறது?

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லியே விளக்குகிறேன். விபத்து முடிந்து எட்டு மாதம் கழித்து, சமையலறையில் தரையில் சர்க்கரை சிந்திக் கிடந்தது. கவனிக்காமல் செருப்புக் காலால் மிதித்துவிட்டேன். நறநறவென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த நொடி என் வாயில் ரத்த ருசி, மூக்கில் டீசல் வாசனை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காரின் பக்கக் கண்ணாடி உடைந்தால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகச் சிதறும். அன்று கதவைத் திறந்து இறங்கியபோது என் காலடியில் நொறுங்கியது அந்தத் துகள்கள்தான். மனதுக்கு அது மறந்தே போயிருந்தது. காலுக்கு மறக்கவில்லை.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இது. மூளையின் உள்ளே பாதாம் பருப்பு வடிவத்தில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடித்து அலாரம் அடிப்பது அதன் வேலை. பக்கத்திலேயே இருக்கும் ஹிப்போகாம்பஸ், நடந்ததற்கு இடமும் நேரமும் குறித்து வைக்கிறது. 'இது அன்று, அங்கே நடந்தது' என்ற முத்திரை அங்கேதான் விழுகிறது. உயிர் பிழைப்பதே கேள்வியாகும்போது அலாரம் ஓங்கி அடிக்கிறது, முத்திரை சரியாக விழுவதில்லை. சத்தமும் வாசனையும் வலியும் தேதியில்லாத துண்டுகளாக உள்ளே தங்கிவிடுகின்றன. பிறகு அதில் ஒரு துண்டை ஏதாவது தொட்டாலும் போதும், மூளை அதைப் பழைய நினைவாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது நடக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் பாய்கிறது, இதயம் அடித்துக்கொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஊர்ப் பழமொழி சொல்வது உடற்கூறாகவே உண்மை.

அதனால் குணமாவது என்றால் மறப்பது இல்லை. விடுபட்டுப்போன அந்த முத்திரையைப் பிறகாவது குத்திவிடுவது. 'அது நடந்தது, முடிந்தும் போனது' என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அதைப் பற்றியவைதான்.

அந்த நேரத்தில் நான் ஏன் கத்தவில்லை? ஏன் ஓடவில்லை?

குழுவில் இந்தக் கேள்வியைக் குரல் தழுதழுக்காமல் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. குறிப்பாக, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள்.

ஆபத்தில் உடம்பு செய்வது சண்டையும் ஓட்டமும் மட்டும் அல்ல. மூன்றாவதாக உறைந்துபோவதும் உண்டு. தப்ப வழியே இல்லை என்று நரம்பு மண்டலம் கணித்துவிட்டால் கை கால் அசையாது, தொண்டையில் குரல் வராது. விலங்குகளிடமும் இதைப் பார்க்கலாம். பிடிபட்ட இரை செத்ததுபோல் கிடக்கும். உங்களைக் கேட்டுக்கொண்டு உங்கள் உடம்பு அதைச் செய்யவில்லை. நீங்கள் உறைந்து நின்றதற்குச் சம்மதம் என்று யாராவது அர்த்தம் சொன்னால், உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

நடந்த உடனே என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் பேசிக் கொட்டிவிடுவது நல்லதா?

யாரும் வற்புறுத்திப் பேச வைக்கக் கூடாது. ஒரு காலத்தில், விபத்தோ பேரிடரோ நடந்த ஓரிரு நாளில் எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை விவரமாகச் சொல்ல வைப்பது வழக்கமாக இருந்தது. பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அந்த ஒரே நாள் பேச்சு நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு அதனால் நிலைமை மோசமாகவும் ஆகியிருந்தது.

அதன் இடத்துக்கு வந்ததுதான் உளவியல் முதலுதவி. இதற்கு உலக சுகாதார நிறுவனம் 2011-இல் ஒரு கையேடே வெளியிட்டது. அதன் சாரம் எளிமையானது. முதலில் பாதுகாப்பான இடம். அப்புறம் தண்ணீர், போர்வை, படுக்க இடம். குடும்பத்தாரோடு தொடர்பு. அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பக்கத்தில் இருங்கள். விபத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முன்பின் தெரியாத ஒரு அம்மா தன் சால்வையை என் மேல் போர்த்திவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்று எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த சிகிச்சை அது. முகம் நினைவில்லை, சால்வை மட்டும் நினைவிருக்கிறது.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

முதல் சில வாரங்கள் தூக்கம் கெடுவதும், திடுக்கிடுவதும், அழுகை வருவதும் இயல்பு. பெரும்பாலோருக்குத் தானாகவே தணியும். ஒரு மாதம் தாண்டியும் அதே வேகத்தில் இருந்தால் உதவி தேடுங்கள். பி.டி.எஸ்.டி. என்று முடிவு செய்யவும் மருத்துவர்கள் ஒரு மாதம் தாண்ட வேண்டும் என்கிறார்கள். குடி அதிகமாகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, குழந்தையைக் கவனிக்க முடியவில்லை என்றால் அந்த ஒரு மாதமும் காத்திருக்க வேண்டாம்.

உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறதே?

இதற்கு நாளை என்று ஒத்திப்போடாதீர்கள். இப்போதே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இருக்கும் ஊரின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை, பூச்சி மருந்து போன்றவற்றை வேறொருவர் கையில் கொடுத்து வையுங்கள். இந்த எண்ணம் வேகமாக எழும், வந்த வேகத்தில் தணிவதும் உண்டு. அந்த நேரத்தில் தனியாக இருக்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம்.

காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்கிறார்களே?

பலருக்கு ஆற்றுகிறது. ஆனால் காலம் வேலை செய்யவிடாமல் ஒன்று குறுக்கே நிற்கும். அதற்குத் தவிர்ப்பு என்று பெயர்.

அந்தச் சாலைப் பக்கமே போகாமல் சுற்றிப் போவேன். செய்தியில் விபத்து என்று வந்தால் டிவியை நிறுத்திவிடுவேன். தோழியின் அம்மா போன் செய்தால் எடுக்க மாட்டேன். இதில் கடைசியைத்தான் இன்றும் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் உடனே ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியிலிருந்து மூளை ஒரு பாடம் கற்றுக்கொள்ளும்: 'பார், விலகினாய், தப்பித்தாய். அது ஆபத்துதான்.' பயம் அப்படியே இருக்கும், போகக்கூடிய இடங்கள் மட்டும் சுருங்கிக்கொண்டே வரும். ஒன்றரை வருடத்தில் என் உலகம் இரண்டு தெருவாகச் சுருங்கியிருந்தது.

என்னென்ன சிகிச்சைகள் இருக்கின்றன? உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. இதை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

அதிகம் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று, தவிர்த்ததைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை. எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கியது. பெரும்பாலும் வாரம் ஒரு முறை, சுமார் 90 நிமிடம், 8 முதல் 15 அமர்வுகள். அதில் இரண்டு வேலைகள் உண்டு. நடந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு, இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பதிவு செய்து வீட்டில் கேட்கவும் சொல்வார்கள். இன்னொன்று, பயந்து விலகிய இடங்களை ஏணிப்படி மாதிரி வரிசைப்படுத்தி, சுலபமான படியிலிருந்து ஏறுவது.

என் ஏணியின் நான்காவது படி, பெரிய சாலையின் ஓரத்தில் நிற்பது. அவ்வளவுதான், நிற்பது. தெரபிஸ்ட் பக்கத்தில் நின்றுகொண்டு "பயம் நூற்றுக்கு எவ்வளவு?" என்று கேட்டார். "85" என்றேன். முதல் லாரி போனபோது முதுகுத்தண்டு முழுக்க வியர்த்தது. ஓடிவிட நினைத்தேன். "ஓட வேண்டாம், இங்கேயே இருப்போம்" என்றார். பத்து நிமிடம் கழித்து 80. இருபது நிமிடம் கழித்து 70. அரை மணி நேரம் தாண்டி ஒரு லாரியின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அவர் மறுபடி கேட்டார். 40. பயம் தானாகவே இறங்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. இறங்கும் வரை நான் எங்குமே நின்றதில்லை.

பழைய பயம் இதனால் அழிவதில்லை. 'இதே சத்தம், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை' என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் எழுதப்படுகிறது. அடிக்கடி படித்தால் புதியது முந்திக்கொள்ளும்.

இரண்டாவது, பாட்ரிசியா ரெசிக் உருவாக்கிய எண்ணச் சீரமைப்புச் சிகிச்சை. வழக்கமாக 12 அமர்வுகள். மனதில் சிக்கிக்கொண்டு நகர மறுக்கும் எண்ணங்களைத் தேடி எடுத்து விசாரிப்பது இதன் வழி. எனக்கும் அப்படி ஒன்று இருந்தது. அன்று வெயில் படுகிறது என்று நான்தான் அவளை இடம் மாறி உட்காரச் சொன்னேன். 'நான்தான் அவளைக் கொன்றேன்' என்பது எனக்கு எண்ணமாகவே தெரியவில்லை, உண்மையாகத்தான் தெரிந்தது. "உங்களுக்கு அப்போது லாரி வருவது தெரியுமா?" என்று கேட்டார்கள். தெரியாது. "தெரிந்திருந்தால்?" அன்று முழுக்க அழுதேன். விபத்துக்குப் பிறகு முதன்முறையாக அன்றுதான் அழுதேன்.

மூன்றாவது இ.எம்.டி.ஆர். ஃபிரான்சின் ஷபீரோ 1987-இல் தொடங்கியது. நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு, தெரபிஸ்ட்டின் விரல் அசைவைக் கண்ணால் இடமும் வலமும் பின்தொடர வேண்டும். கண்ணசைவு எதனால் உதவுகிறது என்பதில் வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் பலன் கிடைப்பதில் சான்றுகள் இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் இதையும் பரிந்துரைத்தது.

போரிலும் அகதி வாழ்விலும் அடிமேல் அடி வாங்கியவர்களுக்கென்று உருவான முறை ஒன்றும் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடிக்கும். தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவார்கள். அதுதான் உங்கள் வாழ்க்கை. ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடங்களில் பூ வைக்க வேண்டும், கெட்டது நடந்த இடங்களில் கல். அப்புறம் ஒவ்வொரு கல்லாக எடுத்து, அது எங்கே, எப்போது, யாரோடு என்று முழுக்கதையாகச் சொல்ல வேண்டும். கயிற்றின் நுனி சுருட்டியே இருக்கும். அது இன்னும் வாழாத காலம். கல் எங்கே கிடக்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு கயிறு இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எது சிறந்தது என்று கேட்டால், உங்கள் ஊரில் முறையாகப் பயிற்சி பெற்றவர் எதைச் செய்கிறாரோ, யாரிடம் உங்களுக்கு நம்பிக்கை வருகிறதோ அதுவே என்பேன். "மனக்காயத்துக்குச் சிகிச்சை கொடுக்கத் தனிப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பொதுவான ஆறுதல் பேச்சும் இந்தச் சிகிச்சையும் ஒன்றல்ல.

நடந்ததை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

எண்ணச் சீரமைப்பை விவரம் சொல்லாமலே செய்யலாம். இ.எம்.டி.ஆரிலும் வாய்விட்டு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எப்படியானாலும் வேகத்தை முடிவு செய்வது நீங்கள்தான். முதல் நாளே எல்லாவற்றையும் கிண்டுபவரிடம் போகாதீர்கள். ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் மீட்சியை மூன்று கட்டமாகச் சொன்னார்: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கப்படுவது, கடைசியில் வாழ்க்கையோடு மறுபடி இணைவது. அடிக்கும் கணவனோடு இன்னும் அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் சிகிச்சை அந்த வீட்டிலிருந்து தப்ப வழி கிடைப்பது. நினைவுகளை அப்புறம் பார்க்கலாம்.

மாத்திரை வேண்டுமா?

சிலருக்கு வேண்டும். செர்ட்ரலின், பராக்ஸிடின் போன்ற மனச்சோர்வு எதிர்ப்பு மருந்துகள் இதில் உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். பேச்சு சிகிச்சையோடு சேர்த்தும் எடுக்கலாம். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

தூக்க மாத்திரை, பதற்றத்தைத் தணிக்கும் பென்ஸோடயஸெபின் வகை மாத்திரைகள் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. பி.டி.எஸ்.டி.க்கு அவற்றை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பழகிப்போகும், நோய் அப்படியே இருக்கும். நான் முதலில் போன இடத்தில், "உடம்பில் ஒரு கீறல்கூட இல்லையே" என்று சொல்லி, இதை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதம் அதிலேயே போனது.

பழைய நினைவு அப்படியே மேலே பாயும்போது அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

இங்கே, இப்போது என்பதற்குள் உடம்பை இழுத்து வர வேண்டும். கண்ணைத் திறந்தே வையுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்துங்கள். பார்க்கும் ஐந்து பொருள், தொட முடிந்த நான்கு, கேட்கும் மூன்று சத்தம், இரண்டு வாசனை, ஒரு ருசி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். குளிர்ந்த நீரில் கையை வையுங்கள். இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். பிறகு இன்றைய தேதியைச் சத்தமாகச் சொல்லுங்கள், வருடத்தோடு சேர்த்து. நான் என் பையில் ஒரு சிறு காலண்டர் அட்டை வைத்திருந்தேன். அது விபத்து நடந்த வருடத்துக்கு அடுத்த வருடத்தின் அட்டை.

இது முதலுதவிதான், சிகிச்சை இல்லை. ஆனால் முதலுதவி தெரிந்தால் வெளியே போகத் தைரியம் வரும்.

ஒரே கெட்ட கனவு தினமும் வருகிறது.

பகலில், விழித்திருக்கும்போது அந்தக் கனவை எழுதுங்கள். பிறகு அதன் முடிவை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றி எழுதுங்கள். நம்பும்படியாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மாற்றிய கனவைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பாருங்கள். பலருக்குச் சில வாரங்களில் கனவு வருவது குறைகிறது. மிகக் கோரமான கனவு என்றால் தெரபிஸ்ட்டோடு சேர்ந்து செய்யுங்கள்.

ஒரு நாள் நடந்ததில்லை. சிறு வயதில் வருடக்கணக்காக வீட்டிலேயே நடந்தது. நானும் தேற முடியுமா?

முடியும். பாதை நீளம். வளரும் வயதில், பாதுகாக்க வேண்டியவரே அடித்தால், காயம் நினைவில் மட்டும் நிற்பதில்லை. 'நான் கேவலமானவள்', 'யாரையும் நம்பக் கூடாது' என்று ஆளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. கோபம் வந்தால் அடங்காது, அல்லது எதுவுமே உறைக்காமல் மரத்துப்போகும். இதை உணர்ந்துதான் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 என்ற நோய்ப் பட்டியல், 2022-இல் நடைமுறைக்கு வந்தபோது, 'சிக்கலான பி.டி.எஸ்.டி.' என்று தனியாகவே ஒன்றைச் சேர்த்தது.

இவர்களுக்கு நல்ல உறவே சிகிச்சையில் பெரும்பங்கு. ஏமாற்றாத ஒரு தெரபிஸ்ட், சொன்ன நேரத்துக்கு வரும் ஒரு நண்பர், குரலை உயர்த்தாத ஒரு துணை. நம்பினால் அடிதான் கிடைக்கும் என்று பல வருடங்கள் பழகியவருக்கு, நம்பியும் அடிபடாத நாட்கள் ஒன்று இரண்டு போதாது. நூற்றுக்கணக்கில் வேண்டும்.

குழந்தைகளுக்கு?

சிறு குழந்தைகள் வாயால் சொல்ல மாட்டார்கள். நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வரும். அம்மாவை விட்டு நகர மாட்டார்கள். திட்டாதீர்கள். வழக்கமான நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், பள்ளி என்று நாளின் ஒழுங்கைக் காப்பாற்றுங்கள். கேட்டால் உண்மையை வயதுக்கேற்பச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கென்றே, பெற்றோரையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை இருக்கிறது, பலனும் நன்றாக இருக்கிறது.

என் வீட்டில் ஒருவர் இப்படி இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

உங்களைப் போன்ற ஒருவர் இருப்பதே பாதி மருந்து. கிறிஸ் ப்ரூவினும் சகாக்களும் 2000-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சம்பவத்துக்கு முன்னால் அந்த ஆள் எப்படி இருந்தார் என்பதைவிட, பிறகு அவருக்கு ஆதரவு இருந்ததா என்பது ஓரளவு கூடுதலாகவே எடைபோட்டது.

"மறந்துவிடு", "அதையே நினைத்துக்கொண்டிருக்காதே", "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள்" என்ற மூன்றையும் விட்டுவிடுங்கள். பின்னாலிருந்து வந்து தொடாதீர்கள், அறைக்குள் வரும்போது குரல் கொடுத்துவிட்டு வாருங்கள். எரிந்து விழுந்தால் அது பெரும்பாலும் உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை. ஆனால் அடிப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்குப் பதிலாக எல்லாவற்றையும் நீங்களே செய்துவிடவும் வேண்டாம். என் அண்ணன் பாசத்தில் ஒரு வருடம் என்னைத் தனியே வெளியில் விடவே இல்லை. என் பயத்துக்கு அதுவும் தீனியாகத்தான் போனது. பிறகு அவனே கூட வந்தான், முதலில் பக்கத்தில், பிறகு பத்தடி பின்னால், பிறகு தெருமுனையில் நின்றுகொண்டு.

செய்தவரை மன்னித்தால்தான் ஆறுமா?

இல்லை. மன்னிப்பது உங்கள் விருப்பம். மன்னிக்காமலே முழுமையாகத் தேறியவர்கள் இருக்கிறார்கள்.

துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்கிறார்களே?

சிலர் அப்படி உணர்கிறார்கள். டெடெஸ்கி, கல்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் இதைக் 'காயத்துக்குப் பிந்தைய வளர்ச்சி' என்று எழுதினார்கள். அடிபட்டவரே ஒருநாள் அதைச் சொன்னால் மகிழ்ச்சி. பக்கத்தில் இருப்பவர் சொல்லக் கூடாது. எனக்கு என்ன பக்குவம் வந்திருந்தாலும், அதைக் கொடுத்துவிட்டு என் தோழியைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

தேறிவிட்டேன் என்று நினைத்தேன். மறுபடி வந்துவிட்டதே?

நினைவு நாள் நெருங்கும்போதும், அதே மாதிரிச் செய்தி வரும்போதும், புதிதாக ஒரு இழப்பு நேரும்போதும் இப்படி ஆகும். ஆரம்பத்துக்குத் திரும்பிவிட்டதாகத் தோன்றும், ஆனால் இந்த முறை வழி தெரியும். சிகிச்சையில் கற்றதை எடுத்துத் தூசி தட்டுங்கள். தேவைப்பட்டால் இரண்டு மூன்று அமர்வுக்கு மறுபடி போங்கள். விபத்து நடந்த வாரத்தில் நான் இன்னும் மோசமாகத்தான் தூங்குகிறேன். அந்த வாரத்தில் தோழியின் அம்மாவுக்கு நானே போன் செய்கிறேன். நாங்கள் இருவரும் அவளைப் பற்றிப் பேசுகிறோம். விபத்தைப் பற்றி இல்லை, அவளைப் பற்றி.

நாளை முதன்முதலாகத் தெரபிஸ்ட்டைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்வது?

முழுக்கதையும் தேவையில்லை. இப்போது எது முடியவில்லை என்று சொன்னால் போதும். வாய் வராவிட்டால் எழுதிக்கொண்டு போங்கள். நான் ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதிப் போயிருந்தேன்: 'தூக்கம் இல்லை. ரோடு கடக்க முடியவில்லை. அழுகை வரவில்லை.' அவர் படித்துவிட்டு விபத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறீர்களே, இது சரியாக இருக்கிறதா? பின்னால் வண்டிச் சத்தம் கேட்கிறது" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். இருவருமாக நாற்காலியைத் தூக்கி, ஜன்னலைப் பார்த்த மாதிரித் திருப்பிப் போட்டோம்.